மாதம்மாள் என்றொரு உறுப்பினர்

மொபெட் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்ததாம்.

அம்மணி அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கிளியூர் சாலையின் அந்த வளைவில் பனி இறங்கி, சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்திருந்தது. அவளுடைய கணவர் செங்கோடன் சேலத்து நாளிதழ் ஒன்றின் ஏற்காடு நிருபர். முந்தாநாள் மாலை இந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடந்தார். இப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கிறார்.

"ஸ்டாண்டு போட்டிருந்தது நல்லா ஞாபகம் இருக்கா, அம்மா?" துப்பறியும் நிபுணர் ஞானசுந்தரம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, நாந்தானுங்க அதை ஊட்டுக்குத் தள்ளிட்டுப் போனேன். ஸ்டாண்டை எடுக்கறதுக்கே நொம்பச் சிரமமாப் போச்சு. சாவியும் அதுலயேதான் தொங்கிட்டிருந்துச்சுங்க."

ஞானசுந்தரம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மௌனங்களில் சில ஐந்து நிமிடம் நீளும், சில அரை நாள் நீளும். அவருடைய உதவியாளர் ஷஹீதாவுக்கு அவற்றின் நீளத்தை முன்கூட்டியே கணிக்கத் தெரியும். இது நீளமானது என்று பட்டதும், அம்மணியை வீட்டுப் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள்.

"பனியில வழி தெரியாம வண்டியோட சறுக்கி விழுந்துட்டார்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க சார்" என்றாள். "விழறதுக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டுட்டு விழுந்திருக்கார். நிருபர்னா இப்படி ஒழுங்கா இருக்கணும்."

"யாரோ கை காட்டி நிறுத்தியிருக்காங்க" என்றார் ஞானசுந்தரம். "இறங்கி நின்னு பேசியிருக்கார். ஏதோ கேட்டிருக்காங்க. அவர் சொன்ன பதில் அவங்களுக்குப் பிடிக்கலை."

"என்ன கேட்டிருப்பாங்க? சேர்வராயன் கோயில் ரோட்டுக்கு ஏன் தார் போடலைன்னுதான் கடைசியா எழுதியிருக்கார். அதுக்கா தள்ளிவிடுவாங்க? அப்படின்னா தமிழ்நாட்டுல ஒரு நிருபர் மிஞ்ச மாட்டார்."

பனிக்குள் எங்கோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

*

அவர்களை வரவழைத்தவர் முகமது யூசுப். இருபது வருடம் நிருபராக இருந்தவர். ஏற்காடு கடைவீதியில் அவருடைய தம்பியின் மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்து, மூன்று கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார். மிளகு வாசனை மாடிப்படி வரை ஏறி வந்தது. மேசையில் அழைப்பிதழ் கிடந்தது. 'நிருபர்களுக்கான பொதுத் தகவல் வெப்சைட் தொடக்க விழா. இன்று பிற்பகல், ஏரிக்கரை ஓட்டல் ஹால்.'

"விழாவைத் தள்ளி வைக்கலாமுங்களா சார்?" யூசுப்பின் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. "செங்கோடன் அப்படிக் கிடக்கறப்ப மைக் கட்டி விழா நடத்த மனசு வரலீங்க. ஆனா தருமபுரி, நாமக்கல்லுன்னு எல்லா ஊர்லருந்தும் நிருபருங்க பஸ் ஏறிட்டாங்க."

"இந்த வெப்சைட் எதுக்குன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்றார் ஞானசுந்தரம்.

யூசுப் உற்சாகமாகிவிட்டார். அந்த உற்சாகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "நிலப் பதிவு, சாவுப் பதிவு, லைசென்ஸ், டெண்டர், மழைக் கணக்கு, எல்லாமே பொதுமக்களோட காகிதம்தானுங்க. ஆனா ஒரு காகிதத்தைப் பார்க்க நான் எத்தனை ஆபீஸ் வராந்தாவுல உட்கார்ந்திருக்கேன் தெரியுங்களா? இப்ப எல்லாத்தையும் நகல் வாங்கி ஜெயமேரி டைப் பண்ணி ஏத்திருச்சு. சந்தா கட்டின உறுப்பினருக்கு ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. எந்த ஊர்ல இருந்தாலும் போன் லைன்ல புடிச்சுப் பார்த்துக்கலாம். ஒரு மாசமா ஏற்காட்டு நிருபருங்க மட்டும் சோதனைக்குப் பார்த்துட்டிருக்காங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்த ஜெயமேரி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"செங்கோடன் கடைசியா இதுல எதைத் தேடினார்?"

ஜெயமேரி சில பொத்தான்களைத் தட்டினாள். "வெள்ளிப்பாறை எஸ்டேட்னு தேடியிருக்காருங்க. கரடியூர் பக்கத்துல இருக்கற எஸ்டேட்."

"அவரே வந்து தேடினாரா?"

யூசுப்பும் ஜெயமேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல் முறையாக யூசுப்பின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "செங்கோடனா? அவரு மவுஸைப் பார்த்தாலே கையைப் பின்னாடி கட்டிக்கற ஆளுங்க. இன்னிக்கும் பேனாவுல எழுதி, கவர்ல போட்டு, சேலம் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பறவரு. வயசுல மூத்தவருன்னு அவரு பேருல ஒரே ஒரு சந்தா கட்டினாங்க. உள்ளூர் நிருபருங்க எல்லாரும் அதைத்தான் உபயோகிக்கறாங்க."

"எல்லாரும்?"

"அவங்க வேலை செய்யறதே அப்படித்தானுங்க. ஒருத்தரு ஸ்பாட்டுக்குப் போவாரு, மத்தவங்க அவருகிட்டக் கேட்டு எழுதிக்குவாங்க. ஒரு போட்டோவை எல்லாப் பேப்பருக்கும் அனுப்புவாங்க. பாஸ்வேர்டு மட்டும் தனித்தனியா வெச்சுக்குவாங்களா?"

"எழுதினவங்க பேரு ஒண்ணு, எழுத்து ஒண்ணு" என்றாள் ஷஹீதா. "என் காலேஜ் ரெக்கார்டு நோட்டு மாதிரி."

*

பாஸ்வேர்டு, உள்ளூர் நிருபர்களுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுக்கும் அப்துல் ரஹீமின் போட்டோ ஸ்டூடியோவில், கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கும் அளவில், பெரிதாக.

"இதுக்குப் பேரு ரகசியச் சொல்" என்றாள் ஷஹீதா. "பக்கத்துல ஒரு மாலையும் போட்டிருக்கலாம்."

ரஹீம் சிரிக்கவில்லை. முப்பது வயதுக்காரன். கடையை உள்ளிருந்து தாழிட்டிருந்தான். அவர்கள் தட்டியபோது, யார் என்று மூன்று முறை கேட்ட பிறகே திறந்தான். கல்யாண ஜோடிகள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் திரைக்கு முன்னால், வரைந்த நீர்வீழ்ச்சியின் கீழே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்தான்.

ஞானசுந்தரம் எதிரே உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு பஸ் ஏறி வந்து, திணறி, போனது. கேள்விகளைத் தாங்கிக்கொள்ள முடிந்த பலரால் இந்த மௌனத்தைத் தாங்க முடிந்ததில்லை.

"நான்தான் சார் தேடினேன்" என்றான் ரஹீம்.

"தெரியும். என்ன கிடைச்சுது?"

"சும்மாதான் சார் தட்டிப் பார்த்தேன். அந்த எஸ்டேட் பேரைப் போட்டா ரெண்டு சங்கதி ஒண்ணா வந்து நிக்குது. ஒண்ணு, பாறை உடைக்க வெடி வாங்கினதுக்கு லைசென்ஸ் பதிவு. எந்தத் தேதியில உபயோகிச்சாங்கன்னு அதுல இருக்கு. இன்னொண்ணு சாவுப் பதிவு. அதே தேதியில அங்க வேலை செஞ்ச மூணு பேரு செத்திருக்காங்க. மூணு பேருக்கும் பாம்புக் கடின்னு எழுதியிருக்கு." அவன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஒரே நாள்ல, ஒரே எஸ்டேட்ல, மூணு பேரைத் தேடிப் புடிச்சுக் கடிச்ச பாம்பு சார்."

"வெடி ஆபீஸ் காகிதம் ஒரு ஊர்ல, சாவு ஆபீஸ் காகிதம் இன்னொரு ஊர்ல" என்றார் ஞானசுந்தரம். "தனித்தனியா இருந்தவரைக்கும் ரெண்டும் ஊமை. யூசுப் ரெண்டையும் ஒரே அறையில கொண்டுபோய் உட்கார வெச்சுட்டார்."

"நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லலை சார். செங்கோடண்ணன்கிட்டகூடச் சொல்லலை. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாதுன்னுதான் அவங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு..." ரஹீமின் குரல் உடைந்தது. "என் வாயால வர வேண்டிய பதிலுக்கு அவரு எலும்பை உடைச்சிருக்காங்க சார். அது நான்தான்னு தெரிஞ்சா அடுத்து இந்தக் கதவைத் தட்டுவாங்க."

இருவரும் ஏரிக்கரையோரமாகத் திரும்பி நடந்தார்கள். ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. கட்டிப்போட்ட படகுகள் அதற்குள் பாதி தெரிந்தன.

"ஒரு விஷயம் கவனிச்சியா?" என்றார் அவர். "செங்கோடன் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்னு இந்தக் கடைவீதியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவரைத் தள்ளினவனுக்கு மட்டும் அது தெரியலை."

"அப்ப அவன் ஏற்காட்டுக்காரன் இல்லை."

"ஆளைத் தெரியாது. கம்ப்யூட்டர்ல இருக்கிற பேரு மட்டும் தெரியும். அந்தப் பேரு எங்கெல்லாம் போகுதுன்னு பார்க்கணும்."

*

பேர் சென்னைக்குப் போயிற்று.

ஜெயமேரி அதை ஒரு சாதாரண விஷயமாகத்தான் சொன்னாள். எந்த உறுப்பினர் எதைத் தேடினாலும் அது உடனே சென்னையில் உள்ள ஒரு ஆபீஸுக்குப் போய்விடும். வெப்சைட்டுக்குக் கம்ப்யூட்டர்களையும் போன் செலவையும் கொடுத்த வெங்கடாசலம் என்ற தொழிலதிபரின் ஆபீஸ் அது. இன்று விழாவுக்குத் தலைமை தாங்குபவரும் அவர்தான்.

"அவரு போட்ட ஒரே நிபந்தனை அதுதானுங்க" யூசுப்பின் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. "எது அதிகமா உபயோகமாகுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குன்னு சொன்னாரு. நானும்... ஏனுங்க சார், தர்மத்துக்குப் பண்றவரு கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுங்களா?"

"பொதுக் காகிதத்தை யாராலும் ஒளிச்சு வைக்க முடியாது, யூசுப். அதைத் தேடி யார் வர்றாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம். அதுக்கு ஒரு வாசல் வேணும். நீங்க கட்டிக் குடுத்துட்டீங்க."

யூசுப் நாற்காலியில் சரிந்தார். இன்னும் சில மணி நேரத்தில் நான்கு மாவட்டத்து நிருபர்களும் அந்த வாசலில் தங்கள் பெயரைச் சொல்லி நுழையப் போகிறார்கள். இனி எவன் எந்த எஸ்டேட்டைப் பற்றி, எந்தச் சாவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாலும் அது அன்றைக்கே ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சென்னை ஆபீஸில் பல பேர் வேலை செய்வார்கள். வெங்கடாசலம்தானா, அவருக்குத் தெரியாமல் வேறு யாராவதா?

"நீங்க ரெண்டு பேரும் கீழே போய் டீ சாப்பிட்டு வாங்க" என்றார் ஞானசுந்தரம்.

"நாங்களா? எதுக்குங்க?" என்றாள் ஜெயமேரி.

"தலைவலி. கொஞ்சம் அமைதி வேணும்."

அவர்கள் இறங்கிப் போனதும் ஷஹீதா கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு அமைதி பத்தலைன்னா அது உலக அதிசயம் சார். அந்தப் பொண்ணு மேலயும் சந்தேகமா?"

"எல்லார் மேலயும்."

அது அவருடைய பழக்கம். முப்பது வருடத் தொழிலில் அவரைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஷஹீதா சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். புதிய உறுப்பினருக்கான இடத்தைத் திறந்தாள். "பேர் சொல்லுங்க. இல்லாத ஆளுக்குப் பேர் வைக்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது."

"இந்த மலைக்காரப் பேரா இருக்கணும். மாதம்மாள்."

"ஊர்?"

"கரடியூர்."

"நிருபர் மாதம்மாள், கரடியூர். ஜம்முனு இருக்கு. தேடறது?"

"வெள்ளிப்பாறை எஸ்டேட். வெடி. பாம்புக் கடி."

அவள் தட்டினாள். சற்று நேரத்தில் இல்லாத மாதம்மாள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

*

வெங்கடாசலம் மிக இனிமையான மனிதராக இருந்தார். அதுதான் பயமாக இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காதருகே கொஞ்சம் நரை. ஹாலில் கூடியிருந்த நிருபர்கள் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, ஊர் கேட்டு, கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். செங்கோடனின் ஆஸ்பத்திரிச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். பலர் நெகிழ்ந்து கும்பிட்டார்கள்.

யூசுப் ஞானசுந்தரத்தைத் தன் நண்பர் என்று அறிமுகப்படுத்தினார். காபி வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி முழுவதுமாக மறைந்துவிட்டிருந்தது.

"யூசுப்" என்றார் வெங்கடாசலம், காபியை ஊதியபடி. "பெண் நிருபர்கள் யாரையும் காணோமே? கரடியூர்ல ஒரு அம்மா புதுசா சேர்ந்திருக்காங்களாம். முதல் நாளே எஸ்டேட்டு, வெடி, சாவுன்னு அலசிட்டாங்களாம். கெட்டிக்காரியா இருப்பாங்க போலிருக்கு."

யூசுப் திகைத்து விழித்தார். அவருக்கு அப்படி ஒருத்தி சேர்ந்தது தெரியாது. அந்த மலையில் ஞானசுந்தரத்தையும் ஷஹீதாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஞானசுந்தரம் தன் காபியை அப்படியே கீழே வைத்தார். ஒரு கணம் அவருக்குள் வேட்டைக்காரனின் பழைய குளிர்ந்த சந்தோஷம் எழுந்தது. ஆள் அகப்பட்டான்.

"அவங்களைப் பார்க்கணுமா சார்?" என்று கேட்டார்.

"அதான் நம்ம டிரைவரை ஜீப்போட அனுப்பியிருக்கேன்" என்றார் வெங்கடாசலம். "எப்பவோ போயிட்டான். திறமை இருக்கறவங்களை நாமதான் தேடிப் போகணும், இல்லையா?"

போகட்டும் என்று நினைத்தார் ஞானசுந்தரம். இல்லாத ஒருத்தியைத் தேடிப் பனியில் அலையட்டும்.

பின்னால் தட்டை ஏந்தி நின்ற ஜெயமேரி அதைக் கேட்டுவிட்டாள். அவர் எழுந்து வெளியே வந்ததும் கூடவே வந்தாள். "சார், மாதம்மாளக்காவைக் கூட்டிட்டு வரவா ஜீப் போயிருக்கு? அவங்க எதுக்குங்க விழாவுக்கு?"

ஞானசுந்தரம் நின்றுவிட்டார்.

"யார் அது?"

"எங்க ஊருதானுங்க கரடியூர். மாதம்மாளக்கான்னா அங்க எல்லாருக்கும் தெரியும். வெள்ளிப்பாறையில காப்பிப் பழம் பறிக்கறவங்க. தம்பி செத்ததுலருந்து சின்ன ஊட்டுல தனியா இருக்காங்க." அவர் முகத்தைப் பார்த்து அவளுடைய குரல் இறங்கியது. "ஏனுங்க சார்? என்னாச்சுங்க?"

ஷஹீதா அதற்குள் காரை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள். இம்முறை அவளிடம் கிண்டல் இல்லை.

*

அவர்கள் கிளம்பும்போது பின்கதவைத் திறந்துகொண்டு ரஹீம் ஏறினான். கழுத்தில் கேமரா தொங்கியது. இரண்டு நாளாகக் கடையைத் தாழிட்டுக் கிடந்தவன், விழாவைப் படம் எடுக்க வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நீ எதுக்கு வர்றே?" என்றாள் ஷஹீதா.

"செங்கோடண்ணன் ஒருத்தர் போதும் அக்கா. இன்னொருத்தர் என் பதிலைச் சொல்ல வேண்டாம்."

கரடியூர்ச் சாலையில் பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டு வந்தது. ஷஹீதா தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். இருபுறமும் காப்பிச் செடிகள் தோன்றி மறைந்தன. ஞானசுந்தரம் முன்சீட்டில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

செங்கோடனைத் தள்ளியவன் என்ன செய்தான்? ஒரு பேரைப் பார்த்தான். அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரை யாரிடமும் விசாரிக்கவில்லை. நான் என்ன செய்தேன்? ஒரு பேரைச் சொன்னேன். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு மனுஷி இருப்பாளா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லக்கூடிய ஒரே பெண்ணை டீ குடிக்க அனுப்பினேன். மாதம்மாள் இல்லாத ஊர் இந்த மலையில் எங்கே இருக்கிறது?

"சார்" என்றாள் ஷஹீதா. "ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க. நான்தானே டைப் பண்ணினேன்."

அவர் முன்கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

கரடியூரில் மாதம்மாளின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பில் நெருப்பு இருந்தது. ஆள் இல்லை. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. வரிசை முழுவதும் கதவுகள் திறந்தே கிடந்தன. கடைசி வீட்டில் நடக்க முடியாத ஒரு கிழவர் மட்டும் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தார்.

"மாதம்மாளா? பேப்பர்காரரு ஜீப்புல வந்து கூப்புட்டாருங்க. போட்டோ எடுக்கணும், வியூ பாயிண்டுக்கு வான்னாருங்க."

வியூ பாயிண்டுக்குக் கம்பித் தடுப்பு ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறும் பாறை. அதற்கப்பால் சமவெளி வரைக்கும் காற்று.

காரை விட்டுவிட்டு மூவரும் ஓடினார்கள். பாதை வழுக்கியது. ஞானசுந்தரத்துக்கு மூச்சு வாங்கியது. முன்னால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு கூச்சல் கேட்டது. ஷஹீதா "அல்லாவே" என்றாள்.

இன்னொரு கூச்சல். பிறகு இன்னொன்று. ஆணும் பெண்ணுமாகப் பல குரல்கள்.

பனி ஒரு இடத்தில் கிழிந்தது. ஜீப் தெரிந்தது. அதன் பின்சீட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பானெட்டில் ஒருவர் சாய்ந்து நின்றார். சுற்றிலும் ஊரே நின்றது, போர்வையோடும் கூடையோடும். நடுவில் ஒரு தடித்த ஆள், வியர்த்த முகத்தோடு, ஜீப்பின் கதவைத் திறக்க வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவன் எதிரே, அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக, ஒடிசலான ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோங்க சாமி. ஏன் எழுத மாட்டீங்கறீங்க? பேனா இல்லீங்களா? என் தம்பி காளியண்ணனைப் பாம்பு கடிக்கலீங்க. சென்னை மொதலாளி சொன்னாருன்னு வெடி வெச்சாங்க, பாறை சரிஞ்சு வந்துச்சு, மூணு பேரும் அடியில போயிட்டாங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு வந்து பாம்புன்னு சொல்லுங்கன்னு சொன்னாரு. நாங்க சொல்ல மாட்டம்னு சொன்னம். அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"ஆமாங்க, நானும் பார்த்தேனுங்க" என்றது ஒரு குரல். "என் புருசனும் அதுலதானுங்க" என்றது ஜீப்புக்குள்ளிருந்து இன்னொன்று.

ஷஹீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "நீங்கதான் மாதம்மாளக்காவா?"

"ஆமா கண்ணு. நீயும் பேப்பரா? நல்லதாப் போச்சு. இவரு என்னைத் தனியா வா போட்டோ எடுக்கணும்னாரு. போட்டோன்னா எப்படித் தனியா வருவேன்? எங்க ஊர்ல யாரும் தனியா நிக்க மாட்டம். எல்லாரையும் கூப்பிட்டுட்டேன்." அவள் அந்த ஆளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "கேமராவையே காணோம். கேட்டதுக்கெல்லாம் முழிக்கறாரு. எத்தனை நாளா யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு இருந்தம். வந்தவரு இப்படி வாயில்லாதவரா வந்துட்டாரு."

ஞானசுந்தரம் பாறையில் கைவைத்து நின்றார். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வது? உங்கள் பேரை நான் கடன் வாங்கினேன் என்றா? அவர் இரு கைகளையும் கூப்பினார். எதற்கென்று தெரியாமலேயே அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

ரஹீம் முன்னால் போய் நின்றான். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்று கத்தினான். "ஜீப் நம்பர் தெரியட்டும். அண்ணே, நீங்க நகராதீங்க, நடுவுலயே நில்லுங்க."

தடித்த ஆள் முகத்தைத் திருப்பப் பார்த்தான். திரும்ப இடமில்லை. மூன்று பேரைப் பறிகொடுத்த ஊர் இரு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நின்று, போட்டோவுக்காக நிமிர்ந்து பார்த்தது. பிளாஷ் வெட்டியது. பனி முழுவதும் ஒரு கணம் வெளிச்சமாகி அடங்கியது.

ஷஹீதா ஜோல்னாப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஊர் கேட்கும்படி, மிக மரியாதையாக, அந்த ஆளிடம் கேட்டாள்.

"உங்க பேரு என்னங்க? படத்துக்குக் கீழே போடணும்."